படகு ரேடியோவுக்கு இரண்டாவது மைக்: வயரை நீட்டி ஒட்டினால் போதுமா?

பிப்ரவரி 3, கேள்வி

படகில் விஎச்எஃப் ரேடியோ கேபினுக்குள், படிக்கட்டை ஒட்டி இருக்கிறது. சுக்கான் பிடித்து நிற்கும்போது யாராவது கூப்பிட்டால் பாதிதான் காதில் விழுகிறது. பதில் சொல்ல சுக்கானை விட்டுவிட்டுக் கீழே இறங்க வேண்டும். மைக்கிலிருந்து நாலு வயர்தான் வருகிறது. அதே மாதிரி இன்னொரு மைக் வாங்கி, நாலு வயரையும் நீட்டி, நிறத்துக்கு நிறம் இணையாக ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிறேன். கூட வருகிற அண்ணன் செட் எரிந்துவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?

பிப்ரவரி 3, இரவு

செட் எரியாது. பழைய வகை மைக்காக இருந்தால் இரண்டை இணையாக ஒட்டியும் பேசலாம். ஆனால் வேலை முடிந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம்மால் பேச முடிவது ஒன்று, எதிரே இருப்பவருக்குப் புரிவது இன்னொன்று.

நாலு வயர் என்றால் வழக்கமாக இப்படி இருக்கும். ஒன்றில் குரல் போகும். ஒன்று பேசும் பொத்தானுக்கு: அழுத்தினால் அந்த வயர் கிரவுண்டோடு சேரும், செட் ஒலிபரப்புக்கு மாறும். ஒன்று கிரவுண்டு. மிச்சமுள்ள ஒன்று மைக்குக்குக் கரண்ட் தருவதாக இருக்கலாம், சேனல் ஏற்றி இறக்கும் பொத்தானுக்கு இருக்கலாம், குரலுக்கு மட்டுமான தனிக் கிரவுண்டாகவும் இருக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள். ஒரே கம்பெனி ஒரு மாடலில் ஒரு வேலைக்கு வைத்த நிறத்தை அடுத்த மாடலில் வேறு வேலைக்கு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் மல்டிமீட்டர். மற்றதெல்லாம் நாளைக்கு.

பிப்ரவரி 4, காலை

அளக்கும் முறை. செட்டை ஆன் செய்து, பவரை 1 வாட்டுக்கு இறக்கி, ஆண்டெனாவைக் கழற்றி அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் தானே விழுங்கிக்கொள்ளும் பொருள்) மாட்டுங்கள். அது இல்லை என்றால் ஆண்டெனாவை அப்படியே விட்டுவிட்டு, ஆள் இல்லாத சேனல் ஒன்றில் ஓரிரு வினாடிக்கு மேல் பொத்தானை அழுத்தாமல் அளங்கள். ஆபத்துக்கும் அழைப்புக்கும் எல்லோரும் காது கொடுக்கும் சேனல் 16-இல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மைக் மாட்டியபடியே ஒவ்வொரு வயரிலும் கிரவுண்டுக்கு எதிராக எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பேசும் பொத்தானின் வயர் சும்மா இருக்கும்போது சில வோல்ட் காட்டும், அழுத்தினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழும். குரல் வயரில் எப்போதும், அல்லது பொத்தானை அழுத்தியதும், சில வோல்ட் தெரிந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் எலக்ட்ரெட் வகை. எதுவுமே தெரியாவிட்டால் டைனமிக் வகையாக இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் இணையாக ஒட்டினால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

டைனமிக் மைக்கில் சுருளும் காந்தமும் இருக்கும். ஒரே மாதிரி இரண்டை இணையாகப் போட்டால், நீங்கள் பேசும் மைக் உண்டாக்கும் வோல்டேஜை மற்றது ஏறக்குறைய பாதியாக இழுத்துக் கீழே இறக்கும். ஏறக்குறைய 6 டெசிபல் போய்விடும். எதிரே இருப்பவர் "சத்தமாகச் சொல்லுங்கள்" என்பார், நீங்கள் கத்துவீர்கள், கத்தினால் குரல் இன்னும் கெடும்.

எலக்ட்ரெட்டில் அந்த அளவுக்குக் குறையாது. உள்ளே இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் அரை மில்லி ஆம்பியருக்குள்தான் கரண்ட் எடுக்கும். அது செட்டுக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. 2.2 கிலோ ஓம், 5 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மைக் 0.4 மில்லி ஆம்பியர் எடுக்கும்போது மைக்குக்கு 4.1 வோல்ட் மிஞ்சும், இரண்டு மைக் என்றால் 3.2 வோல்ட். அதிலும் வேலை செய்யும். ரெசிஸ்டர் பெரியதாக இருக்கும் செட்டில்தான் திணறும்.

பிப்ரவரி 4, மாலை

காலையில் எழுதியது சத்தத்தின் அளவைப் பற்றி மட்டும். அதைவிடப் பெரிய தொல்லை வேறு.

இரண்டு மைக்கும் இணையாக இருந்தால், ஒன்றின் பொத்தானை அழுத்தும்போது மற்றதும் காது திறந்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் மேலே சுக்கான் அருகே பேசுகிறீர்கள், கேபின் மைக் இன்ஜின் பெட்டிக்கு மேலே தொங்குகிறது. உங்கள் குரலும் இன்ஜினும் சேர்ந்து போகும். இல்லையென்றால் நீங்கள் கேபினில் அமைதியாகப் பேச, மேலே இருக்கும் மைக் காற்றை வாங்கி அனுப்பும். கடல் விஎச்எஃப் என்பது எஃப்எம். குரலுக்கேற்ப அலைவரிசை இரு பக்கமும் நகரும் அதிகபட்ச விலகல் 5 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேல் போகாமல் செட்டுக்குள் ஒரு தடை இருக்கும். இரைச்சல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் குரலுக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

சில மைக்குகளில் பேசும் பொத்தானுக்குள்ளேயே இரண்டு காண்டாக்ட் இருக்கும். ஒன்று செட்டை ஒலிபரப்புக்கு மாற்றும், இன்னொன்று அந்த மைக்கின் குரலை அப்போது மட்டும் வயரில் சேர்க்கும். அப்படிப்பட்ட மைக் இரண்டு கிடைத்தால் இணையாக ஒட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கண்டுபிடிப்பது சுலபம்: மைக்கைச் செட்டிலிருந்து கழற்றி, குரல் வயருக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்தபடி பொத்தானை அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் மதிப்பு வந்தால் காண்டாக்ட் இருக்கிறது. எப்போதும் ஒரே மதிப்பு என்றால் இல்லை.

பிப்ரவரி 6

காண்டாக்ட் இல்லாத மைக்குக்கு நான் நம்புவது ரிலே, அதாவது காயிலில் கரண்ட் ஓடினால் காண்டாக்டை இழுத்து மாற்றும் சுவிட்ச். என் படகில் பழைய செட் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் ஓடியது.

இரண்டு பக்கம் மாறும் இரட்டை ரிலே ஒன்று. அதன் காயிலை மேல் மைக்கின் பேசும் பொத்தான் ஓட்டும். ரிலே சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் காண்டாக்ட் வழியாகக் கேபின் மைக்கின் குரல் செட்டுக்குப் போகும். மேலே பொத்தானை அழுத்தினால் ரிலே இழுக்கும், குரல் வழி மேல் மைக்குக்கு மாறும். ரிலேயின் இரண்டாவது காண்டாக்ட் செட்டின் பொத்தான் வயரைக் கிரவுண்டோடு சேர்க்கும். அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ரிலே செத்தாலும் கேபின் மைக் சாகாது. மூடியிருக்கும் காண்டாக்ட் மூடியே இருக்கும். தலைகீழாக வயர் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மேல் மைக்தான் அதிகம் பயன்படும் என்று அதை மூடிய காண்டாக்டில் வைப்பார்கள். வேண்டாம். மழையும் உப்பும் குடிப்பது மேல் மைக்தான், அதுதான் முதலில் போகும். நனையாத மைக்குக்குத்தான் நேர்வழி கொடுக்க வேண்டும்.

ரிலே வாங்கும்போது பவர் ரிலே வாங்காதீர்கள். மைக்கின் குரல் சில மில்லி வோல்ட்தான். பெரிய கரண்டுக்குச் செய்த காண்டாக்டில் மேலே படியும் அழுக்கைப் பெரிய கரண்ட் எரித்துவிடும், மைக்கின் சிறு வோல்டேஜால் அதை எரிக்க முடியாது. கொஞ்ச நாளில் குரல் விட்டு விட்டுப் போகும். தங்கப் பூச்சுள்ள சிக்னல் ரிலே கேளுங்கள். காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு எதிர்த் திசையில் வையுங்கள், இல்லாவிட்டால் பொத்தானை விடும்போதெல்லாம் ஒரு கிளிக் போகும், பொத்தானின் காண்டாக்டும் தேயும்.

காயிலின் கரண்ட் வேறு வயரில் வரட்டும். குரல் கிரவுண்டையும் காயில் கிரவுண்டையும் ஒரே வயரில் ஓட்டினால் ஆல்டர்னேட்டரின் வீல் வீல் சத்தம் குரலோடு சேரும். மைக் கிரவுண்டை மேலே எங்கேயும் படகின் நெகட்டிவில் தொடக்கூடாது. அது செட்டுக்கே திரும்பி வர வேண்டும்.

பிப்ரவரி 7

கேள்வி கேட்ட தம்பி மைக்கின் படம் அனுப்பியிருக்கிறார். அதில் மேல் கீழ் அம்புக்குறி, 16 என்ற பொத்தான், பவர் மாற்றும் பொத்தான் எல்லாம் இருக்கின்றன. வயர் நாலு அல்ல, எட்டு முள் பிளக். நாலு வயருக்காக எழுதியதை அப்படியே இதற்குப் போடக்கூடாது.

இவ்வளவு பொத்தானுக்குத் தனித்தனி வயர் இழுக்க மாட்டார்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரே வயரில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு ரெசிஸ்டர்; அந்த வயரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து எந்தப் பொத்தான் என்று செட் புரிந்துகொள்ளும். இன்னொரு மைக்கை இணையாக ஒட்டினால், சும்மா இருக்கும்போதும் அதில் ஒரு ரெசிஸ்டர் இருக்குமானால் கணக்கு மாறும். 16-ஐ அழுத்தினால் சேனல் ஒன்று ஏறும். இரண்டாவது வழி, மைக்குக்குள் ஒரு சின்ன சிப் இருந்து எண்களாகப் பேசுவது. அதில் இரண்டு சிப் ஒரே வயரில் பேசினால் செட்டுக்கு ஒன்றும் புரியாது.

பிளக் வீட்டு இன்டர்நெட் கேபிளின் ஆர்ஜே-45 போல இருப்பதைப் பார்த்து இன்னொரு கம்பெனி மைக்கைச் செருகிப் பார்க்க வேண்டாம். உருவம்தான் ஒன்று, எந்த முள்ளில் கரண்ட் வருகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

பிப்ரவரி 7, இரவு

"வாக்கி டாக்கி ஒன்றை வாங்கி சுக்கான் பக்கம் மாட்டிவிட்டால் இத்தனை தலைவலி எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கையில் பிடிக்கும் செட் ஒன்று படகில் கட்டாயம் இருக்க வேண்டும், படகை விட்டு இறங்க நேர்ந்தால் அதுதான் கூட வரும். ஆனால் அது இரண்டாவது மைக்கின் இடத்தை நிரப்பாது.

பவர் 25 வாட்டுக்கு எதிராக 5 அல்லது 6 வாட். அது சின்ன வித்தியாசம்தான். பெரிய வித்தியாசம் உயரம். விஎச்எஃப் அலை 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, கண்ணுக்கு எட்டும் தூரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆண்டெனா கடலிலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதற்கு வர்க்கமூலம் எடுத்து 2.2-ஆல் பெருக்கினால் அதன் அடிவானம் கடல் மைலில் வரும். இரண்டு பக்கத்துக்கும் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

பாய்மரத்தின் உச்சியில் 16 மீட்டரில் ஆண்டெனா என்றால் 8.8 கடல் மைல். எதிரே 4 மீட்டரில் ஆண்டெனா உள்ள படகு, அதற்கு 4.4. மொத்தம் 13-க்கு மேல். அதே இடத்தில் உட்கார்ந்து கையில் பிடித்தால் உயரம் 2 மீட்டர், அதன் பங்கு 3.1. மொத்தம் ஏழரை. உச்சியில் இருக்கும் ஆண்டெனாவைக் கையில் எடுத்துத் தருவதுதான் இரண்டாவது மைக்.

இன்னொன்று. வாக்கி டாக்கியும் பெரிய செட்டும் ஒரே சேனலில் இருக்கும்போது, ஒன்றில் பேசினால் மற்றதன் ஸ்பீக்கர் அதை மைக்குக்கே திருப்பிக் கொடுக்கும், ஊளைச் சத்தம் வரும். பேசும் முன் ஒன்றின் சத்தத்தைக் குறைக்க ஒருவருக்கு ஞாபகம் வர வேண்டும். அவசரத்தில் வராது.

பிப்ரவரி 9

முதல் கேள்வியைத் திரும்பப் படித்தேன். "பாதிதான் காதில் விழுகிறது" என்று அதிலேயே இருக்கிறது. பேசுவதைப் பற்றியே இதுவரை எழுதிக்கொண்டிருக்கிறோம். சுக்கானில் நிற்பவருக்கு முதல் தேவை கேட்பது. பெரிய கப்பல் ஒன்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அது காதில் விழாவிட்டால் கையில் எத்தனை மைக் இருந்தும் பயன் இல்லை. சேனல் 16-ஐக் காதில் வைத்திருப்பதுதான் ரேடியோ வைத்திருப்பதன் பாதி அர்த்தம்.

ஆகவே, கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது, ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் மைக்கை விட்டுவிட்டு வெளி ஸ்பீக்கரைப் போடுங்கள். வேலையும் எளிது. செட்டின் பின்னால் அதற்கென்றே வயரோ குழியோ இருக்கும். பல செட்களுக்கு 4 ஓம் ஸ்பீக்கர். உள் ஸ்பீக்கரோடு இணையாகப் போனால் 2 ஓம் ஆகிவிடும், எனவே உள் ஸ்பீக்கர் தானாகத் துண்டிக்கப்படுகிறதா என்று கையேட்டில் பாருங்கள். சில செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே உயிருள்ளவை, எதையும் கிரவுண்டில் தொடக்கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபையர் போகும். உங்கள் அண்ணன் சொன்ன "எரிந்துவிடும்" மைக்கில் நடப்பதைவிட இங்கேதான் நடக்க வாய்ப்பு அதிகம்.

பிப்ரவரி 10

எட்டு முள் மைக் என்று தெரிந்ததும் என் நினைப்பு நிஜமாகவே மாறிவிட்டது. இந்த மாதிரி செட்டுக்குக் கம்பெனியே இரண்டாவது நிலையம் ஒன்றை விற்கிறது. ஸ்டாண்டர்ட் ஹொரைசனில் ராம் மைக், ஐகாமில் கமாண்ட்மைக் என்று பெயர். பார்க்கப் பெரிய மைக் மாதிரி இருக்கும், உள்ளே சொந்த ஸ்பீக்கரும் திரையும் இருக்கும். சேனல், பவர், இரைச்சல் அளவு, எல்லாவற்றையும் அதிலிருந்தே மாற்றலாம். பல மாடல்களில் கேபினுக்கும் மேல்தளத்துக்கும் இடையே இன்டர்காம் பேசலாம். செட்டின் பின்புறமோ முன்புறமோ அதற்கென்று தனி இணைப்பு இருக்கும். பலகை வழியாக இழுக்கும் கேபிளும் கூடவே வரும், ஐகாமுக்கு 6 மீட்டர் நீட்டிப்புக் கேபிள் தனியாகக் கிடைக்கும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் ஆபத்தில் உதவி கேட்கும் பொத்தானின் சிவப்பு மூடி. டிஎஸ்சி (அழைப்பைக் குரலுக்குப் பதில் எண்களாக அனுப்பும் வசதி) உள்ள செட்டில் மூடியைத் திறந்து பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால், படகின் அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணும் ஜிபிஎஸ் சொல்லும் இடமும் நேரமும் சேனல் 70-இல் அரை வினாடிச் செய்தியாகப் போகும். யாராவது ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும்வரை ஏறக்குறைய 4 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே திரும்பப் போகும். இடத்தை வாயால் சொல்ல வேண்டியதில்லை. நாம் வயரை ஒட்டிச் செய்யும் மைக்கில் அந்தப் பொத்தான் இல்லை. முழு வசதி உள்ள ராம் மைக்கிலும் கமாண்ட்மைக்கிலும் உண்டு.

படகில் ஒருவர் மட்டும் இருக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கேபினில் தண்ணீர் ஏறுகிறது, அல்லது தீ பிடித்துப் புகை. அப்போது அந்தப் பொத்தானுக்காகக் கீழே இறங்க முடியுமா? சுக்கான் அருகே அந்தப் பொத்தான் இருக்க வேண்டும் என்பதுதான் என் தரப்பு. ரிலே செய்யும் சுகத்தை நான் நன்றாக அறிவேன், இருந்தும் டிஎஸ்சி செட் வைத்திருப்பவருக்கு அதை இனிச் சொல்ல மாட்டேன்.

வாங்குமுன் உங்கள் மாடல் எண்ணை அந்த மைக்கின் பட்டியலில் தேடுங்கள். ஒரே கம்பெனியின் எல்லா மைக்கும் எல்லாச் செட்டிலும் வேலை செய்யாது. மாடல் ஒத்துப்போகாவிட்டால் செட்டையே மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று யோசியுங்கள். எம்எம்எஸ்ஐ எண் பதிவும் ஜிபிஎஸ் இணைப்பும் சரியாக இல்லாத டிஎஸ்சி பொத்தான் பாதி ஊமை. அதை முதலில் சரிபாருங்கள்.

பிப்ரவரி 10, பிறகு

கம்பியில்லா மைக் பற்றிய கேள்விக்கு: நல்ல பொருள்தான், வயர் இழுக்க வழியே இல்லாத படகுக்கு உதவும். சார்ஜ் தீர்ந்த மைக், மைக்கே இல்லாத மாதிரி. ஒரே இரண்டாவது மைக்காக அதை வைக்க எனக்கு மனம் வராது.

பிப்ரவரி 13

இரண்டு மைக் வைத்தால் ஆபத்தும் இரண்டு மடங்காகும் ஒரு விஷயம்: பொத்தான் சிக்கிக்கொள்வது.

மைக் மெத்தைக்கும் மரப்பலகைக்கும் நடுவே விழுந்து பொத்தான் அமுங்கியே இருந்தால், உங்கள் படகின் பேச்சு முழுக்க ஊருக்கே கேட்கும். அது வெட்கம் மட்டும்தான். எஃப்எம்மில் வலுவான அலை பலவீனமான அலையைக் காதுக்கே எட்டாமல் செய்துவிடும் என்பதுதான் கொடுமை. 25 வாட்டில் நீங்கள் சேனல் 16-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் யார் உதவி கேட்டாலும் உங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. சிக்கிக்கொண்ட படகுக்கும் யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் பேசிக்கொண்டிருக்கும் செட் கேட்காது.

ஒரு மாலையில் பக்கத்துப் படகு ஒன்று அப்படி மாட்டிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறேன். அடுப்புச் சத்தம், சிரிப்பு, பாத்திரம், இடையில் ஒரு பாட்டு. அந்த நேரத்தில் வேறு ஒன்றும் காதில் விழவில்லை. புதிய செட்களில் பலவற்றில் 5 நிமிடம் தொடர்ந்து ஒலிபரப்பினால் தானாக நிறுத்தும் வசதி உண்டு. பழைய செட்டில் இருக்காது. ஆகவே ரிலே செய்பவர்கள் மேலே ஒரு சிவப்பு விளக்கு வையுங்கள், ரிலே இழுத்திருக்கும்வரை அது எரியட்டும். கொக்கியை மெத்தைக்கு மேலே வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்திலும் வேண்டாம்.

பிப்ரவரி 14

நேற்று எழுதியதற்கு ஒரு பதில் வந்தது: ரிலே இழுத்திருக்கும்போது விளக்கு எரியும், சரி, கேபின் மைக்கின் பொத்தான் சிக்கினால்? உண்மைதான், அதற்கு அந்த விளக்கு எரியாது. செட்டின் திரையில் ஒலிபரப்புக் குறி வரும், ஆனால் மேலே நிற்பவர் அதைப் பார்க்க மாட்டார். விளக்கைச் செட்டின் பொத்தான் வயரோடு தொடர்புபடுத்தினால் எந்த மைக் சிக்கினாலும் எரியும். நேராக அந்த வயரில் விளக்கைத் தொங்கவிடாதீர்கள், இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும், இல்லையென்றால் விளக்கின் கரண்டே செட்டுக்குப் பொத்தான் அழுத்திய மாதிரி தெரிந்துவிடும். நல்ல யோசனை, நேற்றுச் சொன்னதைவிட இதுவே மேல்.

பிப்ரவரி 18

ரிலே போட்ட இன்னொருவரின் புகார்: குரல் உடைந்து, தண்ணீருக்குள் பேசுவது மாதிரி போகிறதாம். பவரை 1 வாட்டுக்கு இறக்கிப் பேசிப் பாருங்கள் என்றேன். 1 வாட்டில் சுத்தம், 25-இல் கெடுகிறது. இந்த ஒரு சோதனையே நோயைச் சொல்லிவிடும். உங்கள் ஆண்டெனாவிலிருந்து போகும் அலையே மைக் வயரில் ஏறி உள்ளே வருகிறது.

இந்த அலைவரிசையில் அலையின் நீளம் 1.9 மீட்டர். கால் பங்கு என்றால் அரை மீட்டருக்கும் குறைவு. அதைவிட நீளமான வயர் எதுவும் ஆண்டெனாவாகிவிடும், நாம் இழுப்பதோ பல மீட்டர்.

மருந்து மூன்று. உலோகப் பின்னல் உறையுள்ள கேபிள், அந்த உறையைச் செட்டின் பக்கம் மட்டும் கிரவுண்டில் சேருங்கள். செட்டுக்கு வெகு அருகே கேபிளில் ஃபெரைட் வளையம் (வயரில் ஏறும் அலையை அடக்கும் காந்தப்பொருள்). முடிந்தால் கேபிளை அதற்குள் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். அதன் பிறகும் மிச்சமிருந்தால் குரல் வயருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 பிகோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி. 157 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 10 ஓம் மாதிரி நடந்து அலையைக் கிரவுண்டுக்கு அனுப்பும். 3 கிலோஹெர்ட்ஸ் குரலுக்கு அது 5 லட்சம் ஓமுக்கு மேல், இருப்பதே தெரியாது.

மைக் கேபிளை ஆண்டெனா கேபிளோடு ஒரே கட்டாகக் கட்டி ஓட்டியிருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

பிப்ரவரி 19

ஃபெரைட் போட்டதில் சரியானதாம். கெபாசிட்டர் தேவைப்படவில்லை. நல்லது.

பிப்ரவரி 24

திசைகாட்டியை மறந்துவிடாதீர்கள். ஸ்பீக்கர் உள்ள மைக்கில் காந்தம் உண்டு, டைனமிக் மைக்கிலும் உண்டு, வெளி ஸ்பீக்கரில் கேட்கவே வேண்டாம். சுக்கான் பக்கம் என்றால் திசைகாட்டியும் அங்கேதான் இருக்கும். கையேட்டில் எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டும், துளை போடுமுன் கையால் சோதியுங்கள்: படகு கட்டிக் கிடக்கும்போது, மைக்கை மாட்டப் போகும் இடத்துக்குக் கொண்டுவந்து, விலக்கி, மறுபடி கொண்டுவந்து பாருங்கள். முள் அசைந்தால் அந்த இடம் ஆகாது. ஆட்டோபைலட்டின் திசை உணரி பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அதையும் தேடிப் பாருங்கள்.

சுருள் வயர் நீண்டு மைக் எங்கெங்கே போய் உட்காரும் என்பதையும் யோசியுங்கள். கொக்கியில் இருக்கும்போது தூரம் சரி, பேசி முடித்து அவசரத்தில் திசைகாட்டி மேடைமேல் வைத்துவிட்டால்?

மார்ச் 2

தம்பி கம்பெனி மைக்கே வாங்கிவிட்டார், இந்த வாரம் மாட்டுகிறார். அவர் கேட்ட மிச்ச கேள்விகளுக்கு.

நீர் புகாது என்று போட்டிருப்பது எவ்வளவு? ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம். அது மைக்குக்கு. பிளக்குக்கு அது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம், மூடி திருகியிருக்கும்போது மட்டும்தான் பிளக் தாங்கும். மைக்கைக் கழற்றிக் கேபினில் வைப்பவர் என்றால் மூடியை மாட்டாமல் போகக்கூடாது. முள்ளில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். பலகைக்குள் நுழையுமுன் கேபிள் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது.

கேபிளைக் குட்டையாக்க வெட்டலாமா? வெட்டாதீர்கள். மிச்சத்தைப் பெரிய வளையமாகச் சுருட்டிக் காய்ந்த இடத்தில் கட்டுங்கள். நீட்ட வேண்டுமானால் கம்பெனியின் நீட்டிப்புக் கேபிள். இடையில் சாலிடர் வைத்த மூட்டு, படகில் ஆட்டத்திலும் உப்பிலும் என்றைக்காவது கை கொடுக்காமல் போகும்.

எப்படிப் பேசுவது? மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி, கொஞ்சம் சாய்த்து, சாதாரணக் குரலில். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இரைச்சல் குறைக்கும் மைக்குகள் சிலவற்றில் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதை உள்ளங்கையால் மூடினால் அந்த வசதியே வேலை செய்யாது. வலையில் தண்ணீர் தேங்கிக் குரல் அமுங்கினால் மைக்கைக் கவிழ்த்து உதறுங்கள், கூரான எதையும் உள்ளே விடாதீர்கள்.

மார்ச் 5

மாட்டி முடித்தபின் சோதனை. சேனல் 16-இல் "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கூப்பிடாதீர்கள். தெரிந்த படகு ஒன்றோடு முன்பே பேசி வைத்துக்கொண்டு, வேலை சேனல் ஒன்றில், இரண்டு மைக்கிலும் 1 வாட்டிலும் 25 வாட்டிலும் தனித்தனியாகப் பேசி, நாலுக்கும் தனியாகக் கருத்துக் கேளுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை. டிஎஸ்சிக்கு, அந்தப் படகின் எம்எம்எஸ்ஐ எண்ணுக்குச் சோதனை அழைப்பு அனுப்புங்கள், செட்டின் மெனுவில் இருக்கும். சிவப்புப் பொத்தானை விளையாட்டுக்கும் தொடக்கூடாது. தவறி அழுத்திவிட்டால் செட்டை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்ள வேண்டாம். செட்டிலேயே ரத்து செய்து, சேனல் 16-இல் படகின் பெயரும் எண்ணும் சொல்லி, தவறுதலாகப் போனது என்று அறிவியுங்கள். யாரும் அதற்காகத் தலையைச் சீவப் போவதில்லை, தேடி வரப் புறப்பட்டவர்கள் திரும்பிப் போவார்கள்.

அப்புறம், படகில் வழக்கமாக வருகிற எல்லோரிடமும் மேல் மைக்கைக் கொடுத்து, சேனல் 16-க்கு வரும் பொத்தான் எது, சிவப்பு மூடி எங்கே என்று காட்டிவிடுங்கள். சுக்கான் பிடிப்பவரே தண்ணீரில் விழுந்த அன்று பேசப் போவது அவர்கள்தான்.

மார்ச் 8

நான் கழற்றிய பழைய ரிலேப் பெட்டி கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். டிஎஸ்சி இல்லாத நாலு வயர் செட் வைத்திருப்பவருக்குத் தருகிறேன். வயருக்கு வயர் சீட்டு ஒட்டியிருக்கிறேன், ஆனால் அது என் செட்டின் வரிசை. உங்கள் செட்டை அளந்த பிறகு மாட்டுங்கள்.